ஆம்புலன்ஸ் இல்லாமல் விசில் இல்லை

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தபோது செய்தி வந்தது. கீழ்பென்னாத்தூர் ரக்பி அணியின் அருண்பிரசாத் போனில் அழுதான். "அக்கா, ரஹமத் சார் கிரவுண்டுலயே விழுந்துட்டாருக்கா. ஆட்டோல போட்டுக்கினு போனோம். ரோடு முழுக்க ஜனம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

ரஹமத் என் அண்ணன். வேங்கிக்காலில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரக்பி நடுவர். சென்னையில் கல்லூரியில் படிக்கும்போது ரக்பி ஆடினான். இரண்டு அணிக்காரர்களும் தலையைக் குனிந்து, தோளோடு தோள் முட்டித் தள்ளுவதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அப்படி ஒரு ஸ்க்ரம் சரிந்து அவன் கழுத்தின் மேல் அத்தனை பேரும் விழுந்தார்கள். அன்றைய நடுவர் விசிலை ஊதாமல் சிரித்துக்கொண்டு நின்றாராம். கழுத்து தேறிய பிறகு அண்ணன் ஆடப் போகவில்லை, நடுவர் தேர்வுக்குப் போனான்.

எங்கள் மாவட்டத்தில் ரக்பி ஆடுகிறவர்களில் பாதிப் பேர் கபடியிலிருந்து வந்தவர்கள். கபடியில் ஆளைத் தூக்கிப் போட்டால் கைதட்டுவார்கள். ரக்பியில் தலைகீழாகப் போட்டால் சிவப்பு அட்டை. வேங்கிக்கால் அணியின் மணிவேல் ஒருமுறை அப்படிப் போட்டான். அவன் டைல்ஸ் கடை முதலாளியின் மகன்.

"பாய், எங்க கடையில வேல செஞ்சிக்கினு எனக்கே ரெட்டா?"

"கடையில நீ சின்ன முதலாளி. இங்க பதினஞ்சுல ஒருத்தன். போ தம்பி வெளிய. கழுத்து உடைஞ்சா உங்க டைல்ஸ் மாதிரி மாத்திக் குடுக்க முடியாது."

முதலாளி வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் எதிரணியில் ஒருவன் அதே தவறைச் செய்தபோது அவனுக்கும் சிவப்புதான். தன் தவறையும் அண்ணன் விட்டதில்லை. தவறாக விசில் ஊதிவிட்டோம் என்று தெரிந்தால், தோற்ற அணியின் கேப்டனுக்குப் போன் செய்து ஒப்புக்கொள்வான். அதற்காகத் திட்டு வாங்குவான்.

மைதானத்தில் ஆம்புலன்ஸ் நிற்காமல் ஆட்டத்தைத் தொடங்கவே மாட்டான். "கமிஷன் எவ்ளோ பாய் வருது?" என்று கிண்டல் செய்வார்கள். "நீ படுத்துக்கினு போனா பாதி உனக்கு" என்பான்.

சித்ரா பௌர்ணமியன்று கீழ்பென்னாத்தூருக்கும் வேங்கிக்காலுக்கும் இறுதி ஆட்டம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னான். சிறப்பு விருந்தினருக்கு அன்றுதான் ஒழிந்ததாம். கிரிவலமும் வந்தமாதிரி, கோப்பையும் கொடுத்தமாதிரி. காலை ஆட்டம் என்று போட்டிக் கமிட்டிக்காரர்கள் அறிவித்தார்கள். விருந்தினர் நெரிசலில் மாட்டி வந்து சேர மதியமாகிவிட்டது. சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்றான் அண்ணன். நீ ஊதாவிட்டால் கபடி கோச் ஊதுவார் என்றார்கள். ஸ்க்ரம் என்றால் என்னவென்று தெரியாத ஒருவர் கையில் முப்பது கழுத்துகளை விட்டுவர அவனால் முடியவில்லை. மலைப் பாறையெல்லாம் காய்ந்து அனல் அடிக்கும் நேரம். ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தான். அடிக்கடி நிறுத்தி எல்லாரையும் தண்ணீர் குடிக்க வைத்தான்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் திரும்பிப் பார்த்தால் ஆம்புலன்ஸைக் காணவில்லை. விருந்தினருக்கு வர வேண்டிய சாப்பாடு கூட்டத்தில் சிக்கிக்கொண்டதாம். சைரன் போட்டால்தான் ஜனம் வழிவிடும் என்று ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டார்கள். சோற்றுக்கு. உயிருக்கு வைத்த வண்டியைச் சோற்றுக்கு அனுப்பினார்கள்.

அண்ணன் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினான். கூட்டம் கத்தியது. "ஊது பாய், கொஞ்ச நேரந்தானே!" ஆடுகிறவர்களையெல்லாம் பந்தல் நிழலுக்கு அனுப்பிவிட்டு அவன் மட்டும் நடுமைதானத்தில் நின்றான். நிழலுக்கு வரச்சொல்லி அருண்பிரசாத் கெஞ்சியிருக்கிறான்.

"நான் வெளிய வந்தா மேட்ச் முடிஞ்சிடுச்சின்னு கோப்பைய எடுத்துக் குடுத்துடுவானுங்கடா. வண்டி வரட்டும்."

வண்டி வருவதற்குள் அவன் விழுந்துவிட்டான்.

மூன்றாம் நாள் கமிட்டிச் செயலாளர் திருமலை மாலையோடு வீட்டுக்கு வந்தார். வேங்கிக்கால் அணியை நடத்துகிறவரும் அவர்தான்.

"வண்டி அங்கதாம்மா நின்னுச்சு. பாய்தான் சரியா பாக்கல. அவரே நிறுத்தினாரு, அவரே வெயில்ல நின்னாரு. சுகர் வேற இருந்துச்சில்ல?"

"அண்ணனுக்கு சுகர் இல்லீங்க."

"ஏதோ ஒண்ணு இருந்திருக்கும்மா. யாராவது கேட்டா அப்டியே சொல்லிடுங்க. வர்ற வருஷம் அவர் பேர்லயே கோப்பை வெக்கிறோம்."

இத்தனை வருஷம் கண்ணில் பட்டதை மட்டுமே வைத்துத் தீர்ப்புச் சொன்னவனுக்குக் கண் தெரியவில்லை என்று என் வீட்டில் உட்கார்ந்து சொன்னார்.

"அவன் பேர வெக்கணும்னா சோத்துக்குப் போன வண்டி மேல எழுதி வெய்யுங்க. மாலைய எடுத்துக்கினு கெளம்புங்க."

மறுநாள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அருண்பிரசாத் சாட்சிக்கு வந்தான். அவன் தோற்கும் அணிக்காரன், வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்றார் திருமலை. மணிவேலும் வந்து நின்றான். "டேய், நீ நம்ம பையன்டா" என்று திருமலை அவன் கையைப் பிடித்தார். அவன் கையை உதறிவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னான்: "அந்த வண்டியில இருந்து சாப்பாட்டு கேரியர நாந்தான் சார் இறக்குனேன். ஸ்ட்ரெச்சர் மேல வெச்சிருந்தாங்க."

வழக்குப் பதிவாகிவிட்டது. கமிட்டி அசரவில்லை. ஆட்டம் நின்றபோது வேங்கிக்கால் இரண்டு புள்ளி முன்னால் இருந்தது என்று சொல்லிக் கோப்பையை அந்த அணிக்கே கொடுத்துவிட்டது. மணிவேல் அதை வாங்க மேடையேறவில்லை.

ஆம்புலன்ஸைக் காணாமல் ஆட்டத்தை நிறுத்துவதற்குச் சற்று முன்பு அண்ணன் கீழ்பென்னாத்தூருக்கு ஒரு பெனால்டி கொடுத்திருந்தான். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி. அருண்பிரசாத் பந்தைக் கம்பத்துக்கு நேராக வைத்திருந்தான். அந்தப் பந்து இன்னும் உதைக்கப்படவில்லை.