அம்மாவின் பெயர் வைத்த புழு

ஒரு கடற்புழுவுக்கு அம்மாவின் பெயரை வைக்கப்போகிறேன் என்று நான் சொன்னதும், அம்மா போனை வைத்துவிட்டாள்.

அம்மா நெல்லியாளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். அப்பா இறந்தபின் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். நான் கடற்கரை ஊர் ஒன்றில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வளையம் வளையமான உடம்பும், ஒவ்வொரு வளையத்தின் இருபுறமும் துடுப்பு போன்ற காலும், அந்தக் காலில் மயிர்க் கற்றையுமாக ஒரு கூட்டம் புழுக்கள் கடலில் உண்டு. அவற்றை இனம் பிரிப்பதுதான் என் வேலை. தாடையில் எத்தனை பல், தலையில் எத்தனை உணர்கொம்பு, மயிரின் முனை ஊசியா கொக்கியா என்று நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும்.

அப்படிப் பார்த்தபோது, சிப்பிகளுக்கு இடையில் கிடைத்த சில சிறிய புழுக்களின் மயிர் முனை கொக்கி போல் வளைந்திருந்தது. அந்தக் கரையில் அதுவரை பதிவான எந்த இனத்துக்கும் அப்படி இல்லை. புதிய இனம் என்று கட்டுரை எழுதினேன். கண்டுபிடித்தவரே அதற்குப் பெயர் சூட்டலாம். “அச்சில் வரும்வரை யாருகிட்டயும் சொல்லாதே” என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியை. அன்று மாலையே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

“ஏன் புள்ள, என் பேரு வெக்க உனக்கு ஒரு பூவு, ஒரு குருவி கெடைக்கலியா? மழை வந்தா காலெல்லாம் அட்டை. அதப் பிச்சுப் போட்டுப் பிச்சுப் போட்டுத்தான் கொழுந்து எடுக்கிறேன். இப்ப நானே புழுவா? கேட்டா லயமே சிரிக்கும்.”

அட்டையும் இந்தப் புழுக்களுக்குச் சொந்தம்தான். மரபணுவைப் பார்த்தால் ஒரே வம்சம். அதைச் சொல்லவில்லை. அவளைக் கேட்காமலே வைத்துவிட்டேனே என்று அப்போதே கொஞ்சம் கூசியது. சமாதானத்துக்கு நுண்ணோக்கியில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். விளக்கு வெளிச்சத்தில் புழுவின் தோல் பச்சையும் நீலமுமாக மின்னும் படம்.

சாயந்தரம் பதில் வந்தது, குரல் செய்தியாக. “மயில் கழுத்தாட்டம் இருக்குதே. பக்கத்து வீட்டு அக்காளுக்கும் காமிச்சேன்.”

செய்தி அக்காளோடு நிற்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் சூப்பர்வைசர் கை கொடுத்தாராம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்களாம். பொங்கல் விளையாட்டு விழாவில் அம்மாவுக்கு மேடையில் பொன்னாடை போடுவதாக விழாக் கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்கள்.

இதற்கிடையில் கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் மரபணுச் சான்று கேட்டிருந்தார்கள். புழுவின் நடு உடம்பிலிருந்து இரண்டு கால்களை மட்டும் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வந்த மரபணு வரிசையை ஒப்பிட்டால், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய இனத்தோடு அப்படியே பொருந்தியது. நம்பாமல் மறுபடி அனுப்பினேன். அதே பதில். பிறகு அந்தப் பழைய இனத்தில் சின்னதிலிருந்து பெரியதுவரை எடுத்து வரிசையாகப் பார்த்தேன். சின்னதில் கொக்கி மயிர். வளர வளர அது உதிர்ந்து ஊசி மயிர் முளைக்கிறது. நான் புதிய இனம் என்று எழுதியது வெறும் குட்டிகளை.

பேராசிரியை கோபப்படவில்லை. “அச்சுல வர்றதுக்கு முன்ன தெரிஞ்சது நல்லதுதான்” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வீட்ல சொல்லிட்டியா?” என்றார். தலையாட்டினேன்.

அம்மா போன் செய்யும்போதெல்லாம் இன்று சொல்லிவிட வேண்டும் என்று எடுப்பேன். அவள் விழாவுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததைச் சொல்வாள். “சரிம்மா” என்று வைத்துவிடுவேன். பொங்கல் லீவுக்கு ஊர் போய்ச் சேரும்வரை சொல்லவில்லை.

விழாவுக்கு முதல் நாள் மதியம், அவள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது சொன்னேன். கை நின்றது.

“குட்டியா?”

“ஆமாம்மா. வேற இனம் இல்ல.”

“அப்ப என் பேரு?”

“வைக்க முடியாது. அதுக்கு ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு.”

அவள் களைந்த நீரைக் கொட்டினாள். உலையில் அரிசியைப் போட்டு மூடினாள். அப்புறம்தான் கேட்டாள்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“தீபாவளி முடிஞ்சு.”

“போன்ல சொல்ல வாய் வரலியா? நானாக் கேட்டேன் பேரு வெய்யின்னு?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கமிட்டிக்காரர் வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் எழுந்தேன்.

“நீ வராத. சோத்தப் பாத்துக்க.”

நான் போயிருக்க வேண்டும். அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மைதானத்துக்கு அம்மா பழைய சேலையில்தான் வந்தாள். கூட்டத்தின் நடுவில் இருவரும் உட்கார்ந்தோம். கமிட்டிக்காரருக்குத் தெரிந்தது மைக் பிடித்தவருக்குத் தெரியவில்லை. சாக்கு ஓட்டம் முடிந்ததும், “கடல்ல இருக்கிற ஒரு உயிருக்கே நம்ம எஸ்டேட் ஆளு பேர வெச்சு...” என்று ஆரம்பித்து, அம்மாவின் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

எழுந்து சொல்ல வேண்டியவள் நான். அம்மா எழுந்தாள்.

“அது இல்லீங்க, தம்பி. அது புதுப் புழு இல்லையாம். திரும்பப் பாத்ததுல தெரிஞ்சிருக்கு. சால்வைய வேற ஆளுக்குப் போடுங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரோ “ஷ்” என்றார்கள். மைக் பிடித்தவர் திணறி, ஸ்பூன் எலுமிச்சைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். அம்மா உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓடுகிறவர்களைப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதினேன். வளர்கையில் மயிர் எப்படி மாறுகிறது என்று, உடற்கூறையும் மரபணுவையும் அருகருகே வைத்து. அது அச்சிலும் வந்துவிட்டது. என் துறையில் சிலர் பயனுள்ளது என்கிறார்கள். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவளும் என் வேலையைப் பற்றி இப்போது கேட்பதில்லை. சாப்பிட்டாயா, அங்கே வெயில் எப்படி என்று கேட்கிறாள். கொழுந்து குறைந்துவிட்டது, பனி விழுகிறது என்கிறாள். பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.