மூணாவது கியரும் பங்குச் சாமியாரும்

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறிய காலத்தில் அவர்கள் விட்டுப்போன சாமான்கள் ராயபுரம் பூராவும் இறைந்து கிடந்தன. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பியானோ வந்தது. அதன்மேல் கருவாடு காய்ந்தது. இன்னொரு வீட்டில் துரை குளித்த பீங்கான் தொட்டியில் வாத்து நீந்தியது. என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது கார்.

அவர் துறைமுகத்தில் கப்பல் சரக்குத் தூக்கும் வின்ச்சுக்கு ஃபோர்மேன். அவருடைய கம்பெனியின் பெரிய துரை ஊருக்குக் கிளம்பும்போது, தன் கறுப்புக் காரை இவருக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டு, கையையும் குலுக்கிவிட்டுப் போனார். அந்தக் கை குலுக்கலை என் வீட்டுக்காரர் ஒரு மாதம் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. கவர்னர் மாளிகைக்குள் நுழையத் தகுந்த கார். உள்ளே தேக்குபோல் பளபளக்கும் பலகை, தோல் சீட்டு, கால் வைத்துக்கொள்ள மெத்தை, பூ செருக ஒரு கண்ணாடிக் குப்பி. அதன் பின்சீட்டு எங்கள் கூடத்தைவிட அகலம். தெருவில் நிறுத்தினால் நான்கு வீட்டு வாசல் அடைபடும். மீன்காரம்மா கூடையோடு சுற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் எங்கள் பரம்பரையையே வாழ்த்திவிட்டுப் போவாள்.

"உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"வின்ச் ஓட்டறவனுக்கு எதுதாமே ஓட்டத் தெரியாது?" என்றார்.

முதல் இரண்டு வாரம் வண்டி பூனை மாதிரி போனது. சத்தமே இல்லை. மூன்றாவது வாரம் பெரம்பூரில் என் தம்பியைப் பார்க்கப் போனோம். பேசின் பிரிட்ஜ் பாலத்தில் ஏறி இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். மூணாவது கியரில் இருந்த கம்பி தானாகத் துள்ளி நடுவில் வந்து நின்றது. எஞ்சின் ஊளையிட்டது. என் வீட்டுக்காரர் திரும்பி என்னை முறைத்தார்.

"ஏன் தட்டினே?"

"நான் எங்கே தட்டினேன்? என் கை ஜெபமாலையில் இருக்கு."

அதற்குப் பிறகு தினமும் இதே கூத்து. ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் கியர் கழன்றுகொள்ளும். பள்ளத்தில் இறங்கினால் கழன்றுகொள்ளும். கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து மூணாவது கியர்க் கம்பியை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். திருவொற்றியூர் போய்வந்தால் தோள்பட்டை இற்றுப்போகும். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. கார் ஓட்டும்போதுகூடப் பெண்டாட்டி கையை விடமாட்டேன் என்கிறான் என்று தெருவில் பேச்சு. மாதா சபைப் பெண்கள் என்னைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர் பாதியாகிப் போனார். பூசை நடுவில் மணி அடித்தால்கூட கியர் பாக்ஸ் சத்தம் என்று திடுக்கிடுவார். சாப்பிடும்போது திடீரென்று எழுந்துபோய் வண்டிக்குக் கீழே தலையை விட்டு எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்ப்பார். கல்யாணமான புதிதில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோதுகூட இவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதையும் ஒருநாள் சொல்லிக் காட்டினேன்.

"உனுக்கு டாக்டர் கீறாரு. இதுக்கு யாரு கீறா?" என்றார்.

பெரம்பூர் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டிக்குக் கீழே படுத்தான். கியர் பாக்ஸ் அடைப்பைத் திறந்தான். எண்ணெய் ஒழுகவில்லை. கேழ்வரகுக் கூழ் மாதிரி ஒன்று பொத்துப் பொத்தென்று தட்டில் விழுந்தது. அதை விரலில் தேய்த்துப் பார்த்தான், மோந்து பார்த்தான்.

"அக்கா, மாமாவைக் கூப்பிடு. இது மரத்தூளு."

"மரத்தூளா? அது ஏன்டா அங்க போச்சு?" என்றேன்.

"உள்ள பல்லு எல்லாம் தேஞ்சி கீது. சும்மா ஓட்டினா கழுதையாட்டம் கத்தும். விக்கிற வரைக்கும் சத்தம் வரக்கூடாதுன்னு மரத்தூளைப் போட்டு அடைச்சிகீறானுங்கோ. பழைய வண்டி விக்கிறவன் செய்ற வேலைதான் மாமா இது."

என் வீட்டுக்காரர் கார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தொரை கை குட்த்தானேடா" என்றார். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார்.

புதுப் பல்சக்கரம் சீமையிலிருந்துதான் வரவேண்டுமாம். தம்பி எல்லாவற்றையும் கழுவிச் சுத்தமான எண்ணெய் ஊற்றினான். அதன்பிறகு வண்டி உண்மையைப் பேச ஆரம்பித்தது. நாங்கள் கல்லறைத் தோட்டம் தாண்டும்போதே வீட்டில் உலை வைக்கலாம், அவ்வளவு தூரத்துக்கு அதன் கத்தல் கேட்கும்.

இந்த நேரத்தில்தான் பங்குச் சாமியார் கார் தேட ஆரம்பித்தார். தெற்குச் சீமைக்காரர், நல்ல கனத்த உடம்பு, சதா மூக்குப்பொடி. அதுவரை சைக்கிளில்தான் எண்ணூர் வரைக்கும் போய்ச் சாகக் கிடக்கிறவர்களுக்கு பாவம் தீர எண்ணெய் தொட்டு அவஸ்தைப் பூசுதல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை உப்பளக் காற்றில் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் அந்த மனிதர் செத்தே போனாராம். அதிலிருந்து மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, எழுதி எழுதிக் கார் வாங்க உத்தரவு வாங்கிவிட்டார்.

அதைக் கேட்ட சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஒரு மூட்டையோடு வந்தார். உள்ளே மரத்தூள்.

"எங்கே வாங்கினீங்க?"

"சவப்பொட்டி செய்றானே, அந்தக் கடையில. நல்லா நைஸா கீது பாரு."

"சாமியார் தலையிலயா கட்டப் போறீங்க?"

"அவுரு ஆண்டவரோட ஆளு. அவுரு கியர் பாக்ஸை ஆண்டவரு பார்த்துப்பாரு. என் கியர் பாக்ஸை யாரு பார்த்தா?"

அன்றையிலிருந்து எண்ணூரில் யாரோ ஒருவர் சாகக் கிடப்பதும், சாமியார் பாதி வழியில் கியர் கழன்று நிற்பதும், அந்த ஆத்துமா எங்கள் மரத்தூளால் நரகத்துக்குப் போவதும் என் கண்முன் வந்துகொண்டே இருந்தது. நேராகப் போய்ச் சாமியாரிடம் சொன்னால் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். அப்போதுதான் எனக்கு ஒரு பெரிய புத்திசாலித்தனம் தோன்றியது. பாவங்களைச் சாமியார் காதில் ரகசியமாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால்? சொன்னது மாதிரியும் ஆயிற்று, சொல்லாதது மாதிரியும் ஆயிற்று.

சனிக்கிழமை போய்ச் சல்லடைப் பலகைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

"என்ன பாவம்?" என்றார் உள்ளேயிருந்து.

"மரத்தூள், சாமி."

பலகைக்கு அந்தப் பக்கம் காது நெருங்கி வந்தது. "மரத்தூளா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். முடித்ததும் பலகைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு.

"இதை ஏனம்மா இங்கே வந்து சொன்னாய்? மீன் கடையில் வைத்துச் சொல்லியிருந்தாலும் எனக்குப் பிரயோசனப்பட்டிருக்குமே. இங்கே கேட்டதை வைத்து நான் வெளியே ஒரு புருவத்தைக்கூடத் தூக்க முடியாது. வாங்குகிறேன் என்று நேற்றுத்தான் உன் புருஷனுக்கு வாக்குக் கொடுத்தேன். இனி வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லாமல் செய்துவிட்டாயே."

"இப்போ நான் என்ன செய்யணும், சாமி?"

"உன் புருஷன் வாயாலேயே சொல்ல வை. அபராதமாக ஜெபமாலையும் சொல்."

ஜெபமாலை சுலபமாக முடிந்தது. புருஷன் வாய்தான் திறக்கவில்லை. கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் கஞ்சிதான் காய்ச்சினேன். கஞ்சியைக் குடித்துவிட்டு, "வாயை மூடிக்கினு கெட" என்றார்.

மறுவாரம் ஞாயிறு, பூசை முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பார்க்க ஏற்பாடு. சாமியார் முன்சீட்டில், நான் பின்சீட்டில். மரத்தூள் போட்ட வண்டி மறுபடியும் பூனையாகிவிட்டிருந்தது. எண்ணூர் ரோட்டில் கடல் பக்கமாகப் போனோம். சாமியார் மூன்று தடவை கேட்டார்.

"வண்டியைப் பற்றி என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா?"

"தங்கம், சாமி. துரை கொயந்தை மாரி வெச்சிருந்த வண்டி."

சாமியார் பொடி போட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அலைகளை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், அந்த மனிதர் தெரிந்தே கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தார், நான் கயிற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூர் தாண்டி ஒரு வாய்க்கால் மேட்டில் ஏறி இறங்கினோம். என் வீட்டுக்காரர் காலை எடுத்தார். அடுத்த கணம், சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை, என் கை இரண்டு சீட்டுக்கும் நடுவில் பாய்ந்துபோய் கியர்க் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பாய்ந்த வேகத்தில் முழங்கை சாமியாரின் விலாவில் இடித்தது. பொடி டப்பா கீழே விழுந்தது.

வண்டிக்குள் மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

"என்னம்மா செய்கிறாய்?" என்றார் சாமியார்.

"பழக்கம், சாமி."

"என்ன பழக்கம்?"

"மூணாவது கியரை நான்தான் பிடிச்சிக்குவேன். இல்லாட்டிக் கழண்டுக்கும்."

சாமியாருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "வண்டியை ஓரம் கட்டப்பா," என்றார். "கண்ணால் பார்த்துவிட்டேன். இனி நான் தாராளமாகக் கேட்கலாம். சொல்லு."

என் வீட்டுக்காரர் ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கை குலுக்கல், கூழ், சவப்பெட்டிக் கடை, ஒன்றுவிடாமல். சொல்லி முடித்தபோது அவருக்கு மூக்கு ஒழுகியது. பொடியினால் என்றார். சாமியார் திட்டவில்லை.

"உன்னை ஏமாற்றியவன்மேல் கோபம். அவன் கப்பலில் போய்விட்டான், நான் பக்கத்தில் இருந்தேன். அவ்வளவுதானே?" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

திரும்பலாம் என்று கிளப்பினால் வண்டி எந்தக் கியருக்கும் மசியவில்லை. சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ள இறங்கினார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் ஓடிவந்தார்கள்.

"நீ இன்னாத்துக்கு சாமி தள்ளிக்கினு? உள்ள குந்து. இந்தப் பேஜாரு வண்டியை நாங்க பார்த்துக்கிறோம்."

திருவொற்றியூர்வரை தள்ளி வந்தார்கள். வழியெல்லாம் ஊர்வலம் என்று நினைத்து ஜனங்கள் கும்பிட்டார்கள். பின்சீட்டிலிருந்த எனக்கும் சேர்த்து.

மூன்று நாள் என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "கை ஏன்மே போச்சு?" என்றார். "நீங்கதானே பழக்கினீங்க" என்றேன். அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை. சனிக்கிழமை நான் போய்ச் சொன்னதை அவரிடம் சொல்லவே இல்லை. சாமியாரும் சொல்லவில்லை. ஒரு தடவை கோயில் வாசலில், "அன்னைக்கு நான் உள்ளே சொன்னதுக்கு..." என்று நன்றி சொல்ல ஆரம்பித்தேன். "எதற்கு அம்மா?" என்று கேட்டார். முகம் கல் மாதிரி இருந்தது. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கடைசியில் எண்ணூர் பக்கம் உப்பளம் வைத்திருந்த ஒருவர் காரைப் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரர் இந்தத் தடவை கேட்டதற்கெல்லாம் குறையாகவே சொன்னார். பல் தேய்ந்தது, மூணாவது நிற்காது, ரிவர்ஸ் மனசு வந்தால்தான் விழும், ஸ்பிரிங் தொங்குகிறது, மழையில் ஒழுகும். உப்பளக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இம்மாங் கொறை சொல்றியே நைனா, குடுக்க மனசில்லையா?"

அவருக்கு வேண்டியது எஞ்சின் மட்டும்தான், உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்க. கொண்டுபோய் விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். எண்ணூர் தாண்டுவதற்குள் என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனார். டிரைவர் மாற்றிய ஒவ்வொரு கியரும் கரகரவென்று கத்தியது. அவர் அசையக்கூட இல்லை. ராயபுரம் வந்ததும் கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.