வளையமாகாத மருந்து

போன வாரம் ஒரு மருந்து என் கண்ணெதிரிலேயே கெட்டுப்போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

என் மனைவியின் தங்கை சுமதி, கோவையில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி செய்கிறாள். மாட்டு வயிற்றுப் புழுவுக்கு மருந்து தேடுகிறாள். இருக்கிற மருந்துகள் புழுக்களுக்குப் பழகிவிட்டனவாம்.

அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு சங்கிலி செய்கிறாள். அதை அப்படியே கொடுத்தால் வயிறு நுனியிலிருந்து தின்றுவிடும். அதனால் இரண்டு நுனிகளையும் சேர்த்து வளையமாக்க வேண்டும். வளையத்துக்கு ஏது நுனி? கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது. வளையமாக்கும் நாளில் வேடிக்கை பார்க்கப் போனேன்.

பெரிய குடுவை நிறையக் கரைசல். மேலே ஒரு புனலிலிருந்து சங்கிலிகள் துளித்துளியாக விழுந்துகொண்டிருந்தன. அவசரமே கூடாது என்றாள் சுமதி. கூட்டம் சேர்ந்தால் சங்கிலி தன் வாலைப் பிடிக்காமல் பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளுமாம். அப்புறம் எல்லாம் வெறும் பிசின்தான். புனலின் குழாய் வேறு பழசு — பழகிய கை பக்கத்திலேயே நின்று திருகிக்கொண்டே இருக்க வேண்டும். மூடி வைத்தாலும் உள்ளே இருப்பது கெட்டுவிடும்.

பல மாத உழைப்பு. கையில் வேறு சரக்கு இல்லை. மாதக் கடைசிக்குள் கால்நடை டாக்டர்களிடம் சோதனைக்குக் கொடுத்தால்தான் அவளுடைய ஆராய்ச்சியை இன்னொரு வருஷம் நீட்டிப்பார்கள்.

பாதிப் புனல் காலியாகியிருக்கும். வாசலில் சுமதியின் காங்கேயத்துப் பெரியப்பாவும் பெரியம்மாவும்... கையில் தட்டு, குங்குமம், மகள் கல்யாணப் பத்திரிகை.

"ஊட்டுக்குப் போனோங் கண்ணு, நீ இங்க இருக்கறதாச் சொன்னாங்க. நேர்ல அழைக்காமப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார் பெரியப்பா.

எஸ்.டி.டி. பூத் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. ஆனால் போனில் அழைத்தால் அது அழைப்பா? வந்தவர்களை உட்காரவைக்க வேண்டும். இரண்டு கையாலும் பத்திரிகை வாங்க வேண்டும். காபி கொடுக்காமல் அனுப்பக் கூடாது. "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

சுமதி குழாயைப் பார்த்தாள். பெரியம்மா நிற்பதைப் பார்த்தாள். சட்டென்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.

"ஆச்சுங்க பெரியப்பா, வாரனுங்க."

கேன்டீனில் காபி வாங்கிக்கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். குடுவைக்குள் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கிடந்தது. சுமதி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

"அவங்க மனசு நோகுமில்லீங்க, மாமா?" என்றாள்.

எனக்குத்தான் கோபம் வந்தது. யார்மேல் படுவது? அன்பாகத்தானே வந்தார்கள்! நம் ஊரில் ஒருவரை அரை நாள் தனியாக விட்டால் அது அலட்சியம்... விடாமல் போய் நின்றால் அது பாசம். அந்தப் பாசத்துக்கு நடுவில் எத்தனை வேலை பாதியில் நிற்கிறதோ, யாருக்குத் தெரியும்?

நேற்று கல்யாணம். சுமதியும் வந்திருந்தாள். பெரியப்பா பந்தியில் ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டே வந்து, அவள் இலைக்கு முன்னால் நின்றார்.

"உன்ற படிப்புல மாட்டுப் புழுவுக்கு மருந்து ஏதும் இல்லியா, அம்மணி? நல்ல கிடாரிக் கன்னு ஒண்ணு போன மாசம் போயிருச்சு. எந்த மருந்துக்கும் கேக்கல."

சுமதி இலையைப் பார்த்தபடி சொன்னாள்: "பாக்கறனுங்க, பெரியப்பா."

அவளுடைய ஆராய்ச்சி குடுவை திரிந்த அன்றோடு முடிந்திருந்தது. அதையும் அவரிடம் சொல்லவில்லை — கல்யாண வீடு, பாருங்கள்.