ட்ரங்க் போர்டில் தூதரின் தங்கை

தமயந்தி அக்கா தன் அண்ணன் தூதராக இருந்த நாடுகளை ஒருநாளும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. முதல் நாடு அவருக்குக் கடல் இரையும் நாடு. இரண்டாவது, நாம் பேசியதே நமக்குத் திரும்பி வரும் நாடு. மூன்றாவது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போன்ற நாடு. நெய்வேலி டவுன்ஷிப் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டின் ஆபரேட்டர் அவர். அண்ணனின் உத்தியோகம் முழுவதையும் அவர் அறிந்தது காதில் மாட்டிய ஹெட்போன் வழியாகத்தான்.

நான் ஹபீப் முகமது, அதே எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக். அவருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஒயரும் சால்டரிங்குமாகப் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். அக்காவோடு அத்தனை வருடம் வேலை பார்த்தவனுக்குப் பொறுமை எங்கிருந்து மிஞ்சும்?

ஏனென்றால் அக்காவிடம் மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம்தான். அப்போது எங்கள் போர்டுக்கு வெளியூர் லைன்கள் கைவிரல் எண்ணிக்கைதான். ஒருவர் பிடித்துக்கொண்டால் பின்னால் நாலு பேர் காத்துக்கிடக்க வேண்டும். யாரும் காத்திருக்கவில்லை என்றால் இன்னும் மூன்று நிமிடம் தருவார். ஒரே ஒருவர் காத்திருந்தாலும் "மூணு நிமிஷம் ஆச்சுங்க" என்று சொல்லி, லைனை இணைக்கும் ஒயரான கார்டைப் பிடுங்கிவிடுவார். பெரிய அதிகாரி வீட்டு அம்மா மகளிடம் குழம்புக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாலும் பாதியில் துண்டிப்புதான். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. அவருடைய கைக்கே நேரம் தெரியும்.

அண்ணன் சண்முகசுந்தரம் வெளியுறவுத் துறையில் சேர்ந்து, சின்னச் சின்னப் பதவிகளில் பல ஊர்கள் அலைந்து, எழுபத்தாறில் முதல் முறையாகத் தூதரானார். ஊரே பேசியது. அப்பா பரமசிவத்துக்கு மட்டும் அந்த உத்தியோகத்தில் நம்பிக்கை வரவில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பம்ப் நின்றால் சுரங்கத்துக்குள் தண்ணீர் வந்துவிடும், அது அவருக்குப் புரிகிற வேலை.

"மூணு வருசத்துக்கு ஒருக்கா மாத்துதானுவன்னா என்ன அர்த்தம்? எங்கயும் பெர்மனென்ட் ஆகல இவன்" என்று என்னிடமே கவலைப்பட்டார்.

வீட்டில் போன் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை அண்ணனிடமிருந்து கால் வரும். எக்ஸ்சேஞ்சை ஒட்டினாற்போல் இருந்த பொதுத் தொலைபேசி பூத்தில் அப்பா எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். அக்கா அந்த ஞாயிறுகளில் லீவு போட்டு அப்பாவோடு பூத்தில் நிற்கலாம் அல்லவா? மாட்டார். போர்டில் யார் இருந்தாலும் லைனைக் கோட்டைவிட்டுவிடுவார்கள் என்று பயம். தானே உட்கார்ந்து, மதராஸ் ஆபரேட்டரோடு மல்லுக்கட்டி, இரைச்சலுக்குள்ளிருந்து அண்ணனின் குரலைத் தோண்டியெடுத்து அப்பாவிடம் கொடுப்பார். அண்ணன் ஒவ்வொரு முறையும் "தமயந்தியா?" என்பார். அக்கா, "ஆபரேட்டர் பேசறேங்க, பார்ட்டி லைன்ல இருக்காரு, பேசுங்க" என்பார். மூன்று நிமிடம் கழித்துத் துண்டிப்பார்.

ஏழு வருடம், மூன்று நாடு. அண்ணனும் தங்கையும் போனில் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஒருதரம் பொறுக்க முடியாமல், "ஒரு வார்த்தை 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டா போர்டு வெடிச்சிடுமா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். "டூட்டியில இருக்கறப்ப நான் அவருக்குத் தங்கச்சி இல்ல ஹபீப்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனால் அவர் நிம்மதியாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். எந்த நாட்டில் கலவரம் என்றாலும் ரேடியோப் பக்கம் காதைக் கொடுப்பார். கம்பெனி பஸ் காலியாகப் போகும், இவர் பிளாக் பதினொன்றிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தே வருவார். உட்கார்ந்தால் மனசு ஓடுகிறதாம், நடந்தால் கொஞ்சம் அடங்குகிறதாம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அண்ணன் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினார். அண்ணனோ ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் வழியில் டெல்லியோடு திரும்பிவிடுவார். நாற்பது தாண்டியபின் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எண்பத்து மூன்றில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. பெர்மனென்ட் இல்லை என்று மகனைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்த மனிதர், சனிக்கிழமை சாயங்காலம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சண்முகம் வந்தா ஒருதடவ பாத்துக்கிடுவேன்" என்றாராம். மறுநாள் முதல் ஞாயிறு.

காலையில் அக்கா வந்தபோதே கண் சிவந்திருந்தது. இன்றைக்கு அண்ணனிடம் பேசப்போகிறேன், வரச் சொல்லப்போகிறேன் என்றார். போர்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பூத்துக்குப் போய் நிம்மதியாகப் பேசுங்கள் என்று கெஞ்சினேன். உனக்கு ட்ரங்க் லைன் பிடிக்கத் தெரியாது, லைன் போய்விடும் என்று மறுத்துவிட்டார். அதுவும் நியாயம்தான். பூத்தில் வேறொருவர் காத்திருந்தார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் இருக்கும் தம்பிக்குப் பெண் பார்க்கப் போகிற நேரத்தைச் சொல்ல வந்தவர்.

ஒன்பதே காலுக்குப் போர்டில் விளக்கு எரிந்தது. கிணற்றுக்குள்ளிருந்து அண்ணன். "தமயந்தியா?" என்றார். "ஆமாண்ணே" என்றார் அக்கா. ஏழு வருடத்தில் முதல் முறை. சட்டப்படி குற்றம்தான், ஆனாலும் என் டெஸ்ட் போனை முதலிலேயே அந்த லைனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாழாய்ப்போன லைன் அன்றைக்கென்று பார்த்து மோசமாக இருந்தது. "அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு" என்பதை அக்கா ஐந்து தடவை சொல்ல வேண்டியிருந்தது. அண்ணனுக்குப் புரிந்தபோது இரண்டு நிமிடம் போய்விட்டது. அங்கே நிலைமை சரியில்லை என்றார். ராணுவ வண்டிகள் தெருவில் நிற்கின்றன. நம் ஆட்கள் நூற்றுக்கு மேல் தூதரகத்துக்குள் வந்து படுத்திருக்கிறார்கள், அவர்களைக் கப்பலேற்ற வேண்டும். அதற்குப்பின் குரல் மாறியது.

"எனக்கு அடுத்த அதிகாரி ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட ஒப்படைச்சிட்டு இன்னிக்கே கெளம்பலாம். என்னால முடிவு எடுக்க முடியல. நீ சொல்லு தமயந்தி. வரட்டுமா?"

அக்கா வாயைத் திறந்தார். "மூணு நிமிஷம் ஆச்சுங்க" என்றார்.

கார்டு கையில் இருந்தது.

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். கையிலிருந்த கார்டை யாரோ கொண்டுவந்து திணித்தது போலப் பார்த்தார். உடனே மதராஸைக் கூப்பிட்டார். லைன் போய்விட்டது என்றார்கள். நெல்லிக்குப்பம் கேட்டவருக்கு லைன் கொடுத்தார். பெண் பார்க்க நாலு மணிக்கு வரச் சொல்லி அவர் சந்தோஷமாகப் பேசிவிட்டுப் போனார். மத்தியானத்துக்கு மேல் அந்த நாட்டுக்கே லைன் கிடையாது, ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள்.

டெல்லிக்குத் தந்தி கொடுத்தோம். போய்ச் சேர்ந்ததா, அங்கிருந்து அண்ணனுக்குப் போனதா, தெரியாது. அக்கா தன் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் லைன் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடுவார், திரும்பி எக்ஸ்சேஞ்சுக்கு ஓடி வருவார். நான் அவர்மேல் கோபமாக இருந்தேன், அதை மறைக்கவும் இல்லை. "யாருக்கோ பொண்ணு பாக்கறதுக்காக இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று ஒருநாள் சொன்னேன். அவர் மறுபடியும் மதராஸைக் கூப்பிட்டு லைன் கேட்டார். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் நாள் அப்பா இறந்துபோனார். கடைசிவரை அவர் கண் வாசலைவிட்டு நகரவில்லை. பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான்.

அந்த ஞாயிறிலிருந்து இருபத்து மூன்றாம் நாள் சண்முகசுந்தரம் வந்தார். அதற்குள் பேப்பரில் வந்துவிட்டது. நூற்று நாற்பது பேரைக் கப்பலேற்றிவிட்டுக் கடைசி ஆளாகக் கிளம்பிய தூதர் என்று. டெல்லியில் இறங்கியதுமே அப்பா இறந்த சேதி தெரிந்துவிட்டதாம். வீடு பூட்டியிருந்ததால் நேராக எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். உயரமான மனிதர், கசங்கிய சட்டை. போர்டு அறைக்குள் வெளியாளுக்கு அனுமதி இல்லை. கதவுக் கண்ணாடி வழியாகத் தங்கையைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஷிப்ட் ஆள் வர இன்னும் அரைமணி இருந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்துபோனார்.

போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். போர்டில் பூத்தின் விளக்கு எரிந்தது. மறுபடியும் என் டெஸ்ட் போனைப் போட்டேன்.

"நம்பர் ப்ளீஸ்" என்றார் அக்கா.

"எக்ஸ்சேஞ்ச்தாங்க வேணும். லோக்கல் காலுக்கும் மூணு நிமிஷம்தானா?"

"இல்லீங்க. லோக்கலுக்குக் கணக்குக் கிடையாது."

நடுவில் ஒரு சுவர்தான். இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. இரைச்சலே இல்லாத லைன்.

"நீ கட் பண்ணினதும், வர வேண்டாம்னு சொல்றேன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார் அண்ணன். "உண்மையச் சொல்லணும்னா, அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு தமயந்தி. முடிவை நீ எடுத்துட்டேன்னு."

"வாங்கன்னு சொல்லத்தாண்ணே வாயெடுத்தேன்" என்றார் அக்கா. "அப்பா கேட்டாரு. கை முந்திக்கிச்சு."

அண்ணன் அழுவது சுவர் வழியாகவும் கேட்டது, ஹெட்போன் வழியாகவும் கேட்டது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நின்றாள். அக்கா எழுந்தார், ஹெட்போனைக் கழற்றினார், அண்ணன் இருந்த லைனின் கார்டுக்குக் கையைக் கொண்டுபோனார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நீ எடுத்துடு ஹபீப்" என்று சொல்லிவிட்டுப் பூத்தை நோக்கி நடந்தார். நான் எடுக்கவில்லை.