நான் கழுவாத ஏர் ஃபில்டர்

அந்த ஏர் ஃபில்டரை நான் கழுவவில்லை. இதை எத்தனை தரம்தான் சொல்வது? இருபத்தைந்து வருஷமாகியும், சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் உட்காருவதற்குள் யாராவது ஒருத்தர், "இவதான் சின்ன வயசுல வண்டி ஃபில்டரைச் சோப்புப் போட்டுத் தொவைச்சவ" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்டுச் சிரிப்பவர்களில் என் மாமாவும் ஒருவர். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது திருநெல்வேலியிலிருந்து வேலை தேடி டெல்லிக்கு வந்து, துவாரகாவில் எங்கள் ஃபிளாட்டின் ஹால் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார். வேலைதான் இல்லை, ரோஷத்துக்குக் குறைச்சலே இல்லை. ஒரு நாள் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டதற்கு அப்பா, "இதக்கூடப் பாத்துக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், மாமா பெட்டியைக் கட்டிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் போய்விட்டார். அம்மா அழுது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அவருக்கு இந்தி சொல்லிக்கொடுத்தது நான். நான் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். 'தோ' என்றால் கழுவு என்று நான்தான் சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. "தோய்க்கிறதுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்கள்லா, அதேதான்!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். இந்தியில் கொடு என்பதும் 'தோ'தான். ஆனால் அது வேறு தோ, வாயில் வேறு மாதிரி வரும். நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதற்கு நானா பொறுப்பு?

அப்பாவிடம் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று இருந்தது. டெல்லிப் புழுதியில் அதன் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை தோறும் பானெட்டைத் திறந்து, ஃபில்டர் டப்பாவின் நாலு கிளிப்புகளையும் கழற்றி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகித ஃபில்டரை எடுத்து மெல்லத் தட்டுவார். பிறகு அதற்குள் டார்ச் அடித்து, "வெளிச்சம் தெரியுதாட்டி?" என்று என்னைக் கேட்பார். பார்த்துச் சொல்வது என் வேலை. நாலாவது கிளிப் துருப்பிடித்தது. அப்பாவே பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால்தான் நெம்புவார். நான் கை வைத்தால், "உன்னால ஆகாது, விரல நசுக்கிக்காத" என்பார். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தசரா லீவில் எல்லாரும் மலைக்குப் போவதாக ஏற்பாடு. பனிமலை பார்க்கப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, டார்ச் வெளிச்சம் துளிகூடத் தெரியவில்லை. மறுநாள் அப்பாவுக்கு ஆபீஸ் இருந்ததால், மெக்கானிக்கிடம் காட்டி அவர் சொல்கிறபடி செய்துவிடும்படி மாமாவை அனுப்பினார். மெக்கானிக் பார்த்துவிட்டு, "பதல் தோ" என்றாராம். மாற்றிவிடு என்று அர்த்தம். மாமாவின் நோட்டில் 'பதல்' இல்லை, 'தோ' இருந்தது.

ஆயுத பூஜை அன்று காலையில் அவர் ஃபில்டரைப் பாத்ரூமுக்குக் கொண்டுபோய், சோப்புத்தூள் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்தார். என் கண்ணால் பார்த்தேன். "மாமா, காகிதம்லா?" என்றேன். "மெக்கானிக்கே சொல்லிட்டாரு, உனக்கென்னட்டி தெரியும்?" என்றார். பால்கனியில் கொஞ்ச நேரம் காயவைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, திரும்பப் பொருத்திவிட்டார். அப்பா கேட்டதற்கு, "ஆச்சு அத்தான், புதுசு மாதிரி இருக்கு" என்றார்.

மறுநாள் கிளம்பினோம். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வண்டி இருமியது, பின்னால் கரும்புகை கக்கியது, அப்படியே நின்றுவிட்டது. பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்தவர் டப்பாவைத் திறந்தார். ஃபில்டர் சாம்பாரில் ஊறிய அப்பளமாகத் தொங்கியது. விளிம்பில் குங்குமப் பொட்டு. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யே கிஸ்னே தோயா?" என்று கேட்டார்.

யார் கழுவியது என்கிற அந்தக் கேள்வி மாமாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய் வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நீதான செஞ்ச?"

"நான் இல்லப்பா! மாமாதான்! அந்தக் கிளிப்ப என்னால தொறக்கவே முடியாது, உங்களுக்கே தெரியும்லா!"

"வாய மூடு. செய்றதையும் செஞ்சிட்டு, பெரியவங்க மேல பழி போடுதியா?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா திறந்த வாயை மூடிக்கொண்டார். அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! பண்டிகை என்பதால் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. அந்தப் பழைய மாடலுக்குப் புது ஃபில்டர் எங்கும் கிடைக்கவில்லை. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு துவாரகாவுக்கே திரும்பினோம். பனிமலையும் போச்சு, என் பெயரும் போச்சு. வழியெல்லாம் அழுதேன். மாமா ஒரு பிஸ்கட் பாக்கெட்டை என் மடியில் வைத்தார். ஜன்னல் வழியாக வீசியெறிந்தேன், அதற்கும் திட்டு விழுந்தது.

போன மாதம் மாமா மகள் கல்யாணத்தில் மறுபடியும் அதே கதை, அதே சிரிப்பு. பொறுக்க முடியாமல் அப்பாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், அந்த நாலாவது கிளிப்பைப் பற்றிக் கேட்டேன்.

"தெரியும்ட்டி," என்றார் சாவகாசமாக. "அங்க வச்சு அவன ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே ரயிலேறியிருப்பான். உங்கம்மா என்ன ஆவா? நீ எங்க போயிருவ?"

திட்டினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடாத ஆள் அந்த வண்டியில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், கழுவினேன் என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.