மயில் விளக்குக்கு வந்த சாட்சிகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக் கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். மிஷன் பள்ளியில் மூன்றாம் பாடப் புத்தகத்தோடு என் படிப்பு நின்று போனது. அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் தகரம் வெட்டுகிற கத்தரிதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் நான். பத்திரிகைக்கு எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

கோப்பிச் செடிகளில் இலை நோய் விழுந்து, கண்டியைச் சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பாழாகிக் கொண்டிருந்த காலம் அது. டவுனில் கோப்பி மூட்டைகளை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் எனக்குத் தகர வேலை. வாளி, புனல், கூரையில் மழைத் தண்ணீர் ஓடுகிற பீலி, விளக்கு என்று எது ஒழுகினாலும் ஈயம் பற்ற வைப்பேன். மூட்டைகள் வருவது குறைந்ததும் கிட்டங்கியை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. கூட வேலை செய்தவர்கள் கொழும்புக்கும் இந்தியாவுக்குமாகப் புறப்பட்டுப் போனார்கள்.

எங்களால் அப்படிப் புறப்பட முடியவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரே பெண் குழந்தை. பேதி கண்டு இறந்து போனாள். அம்பிட்டியப் பக்கம், ஒரு கோப்பித் தோட்டத்து ஓரமாக, மலைச் சரிவில் புதைத்திருந்தோம். கல் நட எங்களுக்கு வசதியில்லை. ஒரு மண்மேடு, அவ்வளவுதான். என் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே நடந்து போய், புல்லைப் பிடுங்கி, கொஞ்சம் பூ வைத்துவிட்டு வருவாள். "புள்ளையத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேங்க" என்று ஒரே தடவைதான் சொன்னாள். நானும் அதற்குப் பிறகு ஊர் மாறுகிற பேச்சை எடுக்கவில்லை.

குழந்தை போன பிறகு தூக்கம் வராத நாட்களில் நான் ஒரு விளக்கு செய்தேன். ஆறு பக்கமும் கண்ணாடி வைத்த தகரக் கூண்டு. உள்ளே மெல்லிய காகிதத்தில் இரண்டு உருளைகள், ஒன்றுக்குள் ஒன்று. மேலே தகரத்தில் விசிறி மாதிரி இதழ்கள். விளக்கை ஏற்றினால் சூடு மேலே போய் விசிறியைச் சுற்றும், ஒரு உருளை வலமாகவும் மற்றது இடமாகவும் திரும்பும். இரண்டிலும் வெட்டியிருக்கிற கோடுகள் ஒன்றையொன்று கடக்கும்போது, கண்ணாடியில் ஒரு மயில் தோகையை விரித்து விரித்து மூடும். எத்தனையோ தடவை காகிதம் கருகிப் போய்த்தான் கடைசியில் அது ஆடியது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பசு கன்று போட்டால் முதல் பாலும், மரம் காய்த்தால் முதல் பழமும் சாமிக்கு. கையால் செய்த பொருளும் அப்படித்தான். அதனால் அந்தக் கார்த்திகைத் திருவிழாவுக்கு முருகன் கோவில் வாசலில் என் விளக்கைக் கட்டி ஏற்றினேன். ஊரே கூடி நின்று பார்த்தது. என் மனைவி கூட்டத்துக்குப் பின்னால் நின்று, குழந்தை இறந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அன்று வீதியில் நின்று பார்த்தவர்களில் எங்கள் தெருத் துணிக்கடை முதலாளியும் ஒருவர். முஸ்லிம் மனுஷர், நல்ல மனசு. மறுநாளே என்னைக் கூப்பிட்டு விட்டார். "இதுக்கு அரசாங்கத்துல ஒரு பட்டயம் எடுங்க. எடுத்தா வேற ஒத்தனும் இதைச் செஞ்சு விக்க ஏலாது. பட்டயம் கெடைச்சா என் கடைக்குப் பின்னால உள்ள அறையை ஒங்களுக்குப் பட்டறையாத் தாறேன். இல்லாட்டி நீங்க ஒண்டு செய்றதுக்குள்ள கொழும்புக்காரன் வண்டி வண்டியாச் செஞ்சு கொண்டு வந்து குமிச்சிடுவான். பொறகு நான் அறை தந்தும் ஒங்களுக்குப் பொழைப்பு இரிக்காது" என்றார்.

பட்டறை கிடைத்தால் கண்டியிலேயே இருக்கலாம். நான் நினைத்தது அது ஒன்றைத்தான். தை மாதம் ஒருவரைப் பிடித்து ஆங்கிலத்தில் மனு எழுதி அனுப்பினோம். விளக்கு புதுசுதானா என்று விசாரிக்கும் பொறுப்பை வீதி வேலை எஞ்சினியர் துரை ஒருவரிடம் கொடுத்திருந்தார்கள். அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு விளக்கோடு வரச் சொல்லி ஆள் வந்தது. விளக்கைச் செய்தது நான்தான் என்று சொல்ல சாட்சிகள் இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள்.

"ஒண்டும் யோசிக்காதீங்க, ஆள் கூட்டி வாறது என் வேலை" என்று முதலாளி சொன்னார். சொன்னபடியே பாதித் தெருவைத் திரட்டிக் கொண்டு வந்தார். கோவில் வாசலில் பூக்கட்டுகிற அம்மா, கோப்பி மூட்டை ஏற்றுகிற வண்டிக்காரர், இன்னும் பலர். எல்லோரும் குளித்து, விபூதி பூசி, நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். நான் கூச்சத்தில் விளக்கை நெஞ்சோடு அணைத்துக் கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.

ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி துரை அறையை இருட்டாக்கினார். நான் விளக்கை ஏற்றினேன். விசிறி சூடாகும் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மயில் மெதுவாகத் தோகையை விரித்தது. துரை கதிரையை இழுத்துப் போட்டு, முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மொழிபெயர்க்கிற கிளாக்கரிடம் ஏதோ சொன்னார். அந்தக் கிளாக்கர் யாழ்ப்பாணத்து ஆள். "சுத்துற விளக்கு துரை தன்ரை நாட்டிலையும் பாத்திருக்கிறாராம். ஆனா இப்பிடி எதிரும் புதிருமாத் திரும்புறதைக் கண்டதே இல்லையாம். நல்ல வேலை எண்டு சொல்லுறார்" என்றார். முதலாளி என் தொடையைத் தட்டினார்.

அடுத்தது சாட்சி. பூக்கார அம்மாவிடம், இந்த விளக்கைச் செய்தது இவர்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள்.

"தெரியாம என்னாங்க? போன கார்த்திகைக்கு எங்க கோவில்லதானே இவரு இத ஏத்துனாரு! என் கண்ணால பாத்தேன்."

துரையின் பேனா நின்றது. துரை கேட்டதைத் தமிழில் திருப்பிச் சொன்னபோது கிளாக்கரின் குரல் இறங்கியிருந்தது. "அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. போன கார்த்திகைக்கோ? இல்லாட்டி தை பிறந்த பிறகோ?"

"என்னாங்க ஐயா, எனக்கு என்ன மறதியா? கார்த்திகைதான்! நான் மட்டுமா பாத்தேன், இந்தக் கண்டியே பாத்துச்சு. வேணும்னா எல்லாரையும் கேளுங்க."

கேட்டார்கள். ஒவ்வொருவரும் முந்தினவரைவிட உறுதியாகச் சொன்னார்கள். வண்டிக்காரர் தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு, "மனுசங்கள விடுங்க தொரை, என் மாடு ரெண்டுமே நடு ரோட்ல நின்னு பாத்துச்சு. சாட்சிக்கு அதுகளையும் கூட்டியாரட்டுமா?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. துரை சிரிக்கவில்லை. கிளாக்கர் குனிந்து மேசையைப் பார்த்துக் கொண்டிருந்தார். பக்கத்தில் முதலாளி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கொண்டார். அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கடைசியில் துரை என்னிடமே கேட்டார். மனு அனுப்புவதற்கு முன்னால் பொதுமக்கள் பார்க்க இதை ஏற்றினீர்களா என்று. "ஆமாங்க, சாமிக்கு முதல் விளக்கு" என்றேன்.

சாட்சிகளை வெளியே அனுப்பிவிட்டு கிளாக்கர் எனக்கு விளக்கினார். மனு கொடுக்கும் முன்பே ஊரறியப் பாவித்த பொருள் சட்டத்தின் கண்ணுக்குப் புதுசு இல்லையாம். அதற்குப் பட்டயம் கிடையாதாம். துரை எழுந்து வந்து, விளக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்து, எனக்குக் கை கொடுத்தார். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. அவர் மேல் ஒரு பிழையும் இல்லை.

வெளியே வந்தால் எங்கள் தெரு ஆட்கள் மரத்தடியில் சந்தோஷமாக நிற்கிறார்கள். "எப்படிப் போட்டேன் பாத்தீங்களா தம்பி? அந்த ஐயா மாத்தி மாத்திக் கேட்டாரு, நான் அசைஞ்சேனா?" என்று பூக்கார அம்மா என் கையைப் பிடித்துக் கொண்டார். மடியிலிருந்த பூச்சரத்தை எடுத்து விளக்கைச் சுற்றிக் கட்டினார். வண்டிக்காரர் கூலி வாங்காமல் வீட்டு வாசல் வரைக்கும் எங்களைக் கொண்டு போய் விட்டார். வழி முழுக்கப் பாட்டு. நான் தலையை ஆட்டிக் கொண்டே வந்தேன்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து, விளக்கைச் சுற்றியிருந்த பூச்சரத்தை மெல்ல அவிழ்த்தாள். பிறகு, "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. பாவம், தாங்க மாட்டாங்க" என்றாள். முதலாளியிடமும் கேட்டுக் கொண்டோம். அவரும் வாய் திறக்கவில்லை. அறையைத் தருவதாக மறுபடியும் சொன்னார். ஆனால் அதற்குள் கொழும்பில் செய்த மயில் விளக்குகள் கண்டிக் கடைகளில் தொங்க ஆரம்பித்துவிட்டன. அவர் முன்பே சொன்னது போலத்தான் நடந்தது.

கிட்டங்கி மூடியதும் நாங்கள் கொழும்புக்கு ரயில் ஏறினோம். புறப்படும் முன் என் மனைவி அம்பிட்டிய மலைக்குத் தனியாகப் போய் வந்தாள். என்னை வர வேண்டாம் என்றாள். கொழும்பில் எனக்குத் தகரப் பெட்டி செய்கிற வேலை. கண்டிக்குப் போய் வர லேசில் முடியவில்லை. சில வருஷம் கழித்து ஒரு தரம் போனோம். அந்தச் சரிவில் பட்டுப் போன கோப்பியை வேரோடு பிடுங்கி, மண்ணைப் புரட்டி, தேயிலைக் கன்று நட்டிருந்தார்கள். வரிசை வரிசையாக ஒரே மாதிரி இருந்தது. இந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல அங்கே யாரும் இருந்திருக்கவில்லை. என் மனைவி பூவைக் கையில் வைத்துக் கொண்டு இங்கேயா, அங்கேயா என்று சாயங்காலம் வரை நடந்தாள். கடைசியில் ஒரு கன்றுக்கு அடியில் வைத்தாள்.

எங்களுக்குக் கெடுதல் நினைத்தவர்கள் யாராவது இதைச் செய்திருந்தால், அவர்களைத் திட்டியாவது என் மனம் ஆறியிருக்கும். எங்கள் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னதால் வந்ததை யார் மேல் போட்டு ஆறுவது என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை.

எழுதி முடித்தது: மாசி மாதம் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை.