ஃபியூஸ் என் பையில் இருந்தது

தீபாவளிக்கு லைன்மேன் லீவு கேட்பது, கல்யாண வீட்டில் சமையல்காரர் லீவு கேட்பது மாதிரி. இருபத்தெட்டு வருஷமாக நான் கேட்டதில்லை. அந்த வருஷம் கேட்டேன். மகளுக்குத் தலைத் தீபாவளி. மாப்பிள்ளை தலையில் எண்ணெய் வைக்கவும், குளித்து வந்தவுடன் புதுவேட்டி எடுத்துக் கொடுக்கவும் மாமனார் வீட்டில் இருக்க வேண்டாமா? "உங்கள விட்டா யாரு அண்ணாச்சி இருக்கா?" என்றார் அதிகாரி. பாராட்டியே ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள்.

முந்தின நாளே மாப்பிள்ளை திருவேங்கடத்திலிருந்து வந்துவிட்டார். தீபாவளியன்று நான் விடியுமுன்பே வேலைக்குப் போய்விட்டேன். மழையும் காற்றும் சேர்ந்து சங்கரன்கோவிலில் ஒரு தெருவையும் விட்டுவைக்கவில்லை. காலை ஏழரை மணிக்கு வந்த கடைசிப் புகார் எங்கள் தெருவிலிருந்தே. முருங்கைக் கிளை விழுந்து தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. அதோடு, போஸ்ட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போகும் ஒயர் உச்சியில் அறுந்து, வீட்டுப் பக்கத்து நுனி வெறும் கம்பியாகப் போஸ்ட்டருகே நீட்டிக்கொண்டிருந்தது.

அதற்குள் மனைவி போனில் பிடித்துக்கொண்டாள். "மாப்ள எண்ணெய் வைக்காம உக்காந்திருக்காவ. மோட்டாரு ஓடல, டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல. எப்ப வாரிய?"

"பத்து நிமிஷம்" என்று கத்திவிட்டு வைத்தேன். அவளிடம் கத்தி என்ன பயன்?

அடுத்த தெருவில் இருக்கும் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ்களைக் கழற்றி என் தோள்பையில் போட்டுக்கொண்டேன். அது என் பழக்கம். ஃபியூஸ் என்னிடம் இருந்தால் வேறு யாரும் அவசரப்பட்டு மாட்டிவிட முடியாது. எங்கள் தெருவுக்கு வந்து ஏணியைச் சாத்தினோம்.

"அண்ணாச்சி, டெஸ்டர் வச்சுப் பாத்துக்கிடுங்க" என்றார் ஏணியைப் பிடித்திருந்த ஹெல்பர்.

"ஃபியூஸே என் பைல கெடக்கு. டெஸ்டர் எதுக்கு வே?"

ஏறினேன். ஈரத்தில் வழுக்குகிறதென்று கையுறையையும் கழற்றினேன். தெருவெல்லாம் வேட்டுச் சத்தம். அறுந்த நுனியைப் பிடிக்கக் கையை நீட்டியபோது எங்கள் வீட்டு வாசல் பல்பு எரிவதைப் பார்த்தேன். அப்பாடா, கரண்ட் வந்துவிட்டது, இனி மாப்பிள்ளை குளித்துவிடுவார் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். என் வீட்டு ஒயர் என் கண் முன்னால் அறுந்து கிடக்கிறது. ஃபியூஸ் என் பையில் இருக்கிறது. பிறகு பல்பு எப்படி எரிகிறது?

கைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை. கையைப் பின்னால் இழுத்து, டெஸ்டரை எடுத்து வைத்தேன். சிவப்பாக எரிந்தது.

"வீட்ல ஜெனரேட்டர் ஓடுது வே! ஓடிப் போய் அமத்தும்!"

அவர் ஓடினார். நான் போஸ்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பயம் எனக்கு வந்ததே இல்லை. எவனோ மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் சொருகியிருக்கிறான். அந்தக் கரண்ட் வீட்டுக்குள் நிற்காமல் ஒயர் வழியாக அறுந்த நுனி வரைக்கும் வந்திருந்தது. அவன் யாராக இருந்தாலும் அறைவது என்று முடிவு செய்தேன். பல்பு அணைந்ததும் மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்து, கிளையை வெட்டி இறக்கி, ஒயரை இணைத்து, ஃபியூஸ்களை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வாசலில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே நின்றார். "அத்தை தண்ணிக்குத் தவிச்சாவ மாமா. நான்தான் பந்தல்காரர்ட்ட ஜெனரேட்டர் வாங்கிட்டு வந்தேன்." இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் சுருட்டியபடி அவர் கையில் இருந்தது.

தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை என்ன சொல்வது? "நல்லதுதான் மாப்ள. உக்காருங்க" என்றேன். எண்ணெய்க் கிண்ணத்தில் விரலை நனைத்து அவர் உச்சந்தலையில் வைத்தேன்.

"ஏன் மாமா கை இப்படி நடுங்குது?"

"மழைல நனைஞ்சுட்டேன்."

புதுவேட்டித் தட்டோடு நின்ற மகள் என் கையைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த அந்த ஒயரைப் பார்த்தாள். லைன்மேன் வீட்டில் வளர்ந்தவள் அவள். தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, ஜெனரேட்டர் ஓடுறப்ப நீங்க எங்க நின்னிய?"

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"நம்ம வீட்டுப் போஸ்ட்லதான்."

என் கைக்குக் கீழே மாப்பிள்ளையின் தலை அசையவில்லை. அவரும் நடுங்கத் தொடங்கியது என் விரல்களில் தெரிந்தது.